பல் டாக்டரும் வாயில்லாப் பாட்டும்

இசை கேட்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டில் யாராவது இசை கேட்டால் படாரென்று ஜன்னலைச் சாத்துபவர்களும் உண்டு. இந்த இரண்டு கட்சியிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. இசையை வாங்கி அடுக்கும் இனம். வாங்குவார்கள், துடைப்பார்கள், உறை போடுவார்கள், உறைக்கு மேல் இன்னோர் உறை போடுவார்கள், அகரவரிசையில் அடுக்குவார்கள், அடுத்த வாரமே அது பிடிக்காமல் ஆண்டுவரிசைக்கு மாற்றுவார்கள், விருந்தாளி யாராவது ஆசையாகக் கை நீட்டினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "ஓரத்தைப் பிடிங்க, ஓரத்தை!" என்று அலறுவார்கள். இவ்வளவும் செய்கிறவர்கள் அதைக் கேட்பார்களா? அதை மட்டும் கேட்காதீர்கள்.

இந்த இனத்தைத் தேடி நான் காடு மலை ஏறவில்லை. என் மனைவியின் தங்கை அதில் ஒருவரைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சகலை. தொழிலால் பல் டாக்டர். உள்ளத்தால் தட்டுக்காரர். அவர் வீட்டில் வெயில் படாத ஒரே அறை இசைத்தட்டுகளுக்கு. வெயில் படும் அறைகள் மனிதர்களுக்கு. அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, டீயோடு போகக் கூடாது, தும்மல் வருகிற மாதிரி இருந்தால் போகவே கூடாது. ஊசி தட்டின் மேல் இருக்கும்போது தரை அதிரக் கூடாது என்பதால், கொஞ்சம் கனத்த உடம்புக்காரியான என் மனைவி உள்ளே நுழைந்தாலே அவர் கண் அவள் முகத்துக்குப் போகாது, காலுக்குப் போகும்.

"இந்த வீட்டுல ஆயிரத்து நானூறு தட்டு இருக்கு, அத்தான்" என்பாள் என் மைத்துனி. "சோறு சாப்பிட ஆறு."

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒரு நாளைக்கு அறுபது பேரை 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்றும் 'விடலாம்' என்றும் அதட்டி அதட்டி, வீட்டிலும் அவள் குரலுக்கு எல்லாரும் ஒரு கணம் மூச்சை நிறுத்துவோம். சகலை மட்டும் நிறுத்த மாட்டார். அவர் தட்டு கழுவிக்கொண்டிருப்பார். "மேலேர்ந்து கீழே இல்ல, வட்டமா. அழுத்தாம. மென்மையா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நோயாளிகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லித் தரும் அதே பாடம். அவர்கள் அதைக் கேட்பதில்லை. தட்டுகள் கேட்கும்.

இந்த இனத்துக்குள்ளும் உட்பிரிவுகள் இருக்கின்றன. சகலை சேர்ந்த பிரிவு, யாரும் பாடாத ராக் இசைப் பிரிவு. கிடார் உண்டு, டிரம்ஸ் உண்டு, ஸ்பீக்கர் அதிரும். ஆனால் கடைசிவரை ஒருத்தர் கூட வாயைத் திறக்க மாட்டார். முதல் தடவை அவர் எனக்கு அதைப் போட்டுக் காட்டியபோது நான் பத்து நிமிஷம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, "எப்ப பாடுவாங்க?" என்று கேட்டேன்.

"பாட மாட்டாங்க."

"தொண்டை சரியில்லையா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சொத்தைப் பல்லுக்குக் காட்டும் இரக்கம் இருந்தது. "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் முப்பது வாய் பாக்கறேன், சகல. வீட்டுக்கு வந்தும் வாயா?"

நியாயம்தானே? அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் திறந்தார். இசை ஓடும்போது ஆள்காட்டி விரலைத் தூக்கி, "இப்ப வருது பாருங்க... இப்ப... இப்ப... இதோ!" என்பார். என்ன வந்தது? கிடார் ஒரு தடவை இருமியது. அவர் கண்ணில் நீர். நானும் முகத்தை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்வேன். சகலை உறவு என்பது பின்னே என்ன?

இந்த ஆயிரத்து நானூறில் இல்லாத ஒரு தட்டுக்காக அவர் முப்பத்தைந்து வருஷம் ஏங்கினார். நாலு இளைஞர்கள் சேர்ந்து ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டு, அது சரியாக விற்காமல், ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்களாம். உறையில் ஒரு படம்: ஆளில்லாத நடுரோட்டில், எதன் மேலும் சாயாமல் தானாக நிற்கும் ஓர் ஏணி. அதனால் வீட்டில் அதற்குப் பெயர் 'ஏணித் தட்டு.' கல்லூரி விடுதியில் அறைத்தோழன் ஒருவன் எங்கிருந்தோ ஒரு நாள் இரவல் வாங்கி வந்த அந்தத் தட்டை, ஸ்பீக்கருக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துக் கேசட்டில் பிடித்ததுதான் சகலையின் முதல் காதல். இரண்டாவதுதான் என் மைத்துனி. அவளுக்கே தெரியும்.

"அந்த ஏணி எதுல சாஞ்சு நிக்குது?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அதுதான் அதோட தத்துவம்" என்றார் சகலை.

"விழுந்துட்டா?" என்றாள் இவள். அன்றைக்குப் பேச்சு அதோடு முடிந்தது.

கடைகளில் தேடினார், கண்காட்சிகளில் தேடினார், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். கடைசியில் அது வந்த இடம் அவருடைய சொந்த நாற்காலி. நோயாளிகள் சாய்ந்து படுக்கும் நாற்காலி.

அதில் அன்று படுத்திருந்தவர் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். ஆடிக்கொண்டிருந்த மிச்சப் பற்களைப் பிடுங்கிவிட்டு முழு செட் கட்ட வேண்டும். ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைத்து, சகலை வழக்கம்போல ஏணித் தட்டின் மெட்டை மூக்கால் முனகிக்கொண்டே கடைவாய்ப் பல்லில் கை வைத்திருக்கிறார். பெரியவர் "ஆ... ஆ... ஏ..." என்றார். வலிக்கிறதாக்கும் என்று சகலை இன்னொரு ஊசி போட்டார். பெரியவர் இன்னும் பலமாக "ஏ... ஏ..." என்றார். மூன்றாவது ஊசி. கடைசியில் அவர் டாக்டரின் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, பஞ்சைத் துப்பிவிட்டு, மரத்துப்போன உதட்டோடு சொன்னார்:

"ஏஇ... ஏஇ போட்ட கட்டு... எங்க ஈட்ல இருக்கு!"

ஏணி போட்ட தட்டு எங்க வீட்ல இருக்கு. சகலையின் கையிலிருந்த சின்னக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பாலத்தின் மேல் இரண்டு மணி நேரம் வண்டிகள் நகராமல் நின்றபோது, லாரி ரேடியோவில் அந்த இசையைக் கேட்டிருக்கிறார்கள் பெரியவரும் அவர் மனைவியும். கல்யாணமான புதுசு. அந்த வாரமே தேடிப்போய்த் தட்டை வாங்கிவிட்டார்கள். போட்டுக் கேட்க மெஷின்? அது அடுத்த மாசம்.

"அடுத்த மாசம் கட்டில் வந்துச்சு, டாக்டர். அப்புறம் குழந்தை வந்துச்சு. அப்புறம் குழந்தைக்குச் சைக்கிள் வந்துச்சு. மெஷின் மட்டும் வரவே இல்ல. பிரிக்காம அப்படியே இருக்கு. அவ போயும் நாலு வருஷம் ஆச்சு."

'பிரிக்காம' என்ற சொல் காதில் விழுந்ததுமே சகலை, பல் செட்டை இனாமாகவே கட்டித் தருகிறேன் என்றார். பெரியவர் சிரித்தார். "தட்டை எடுத்துக்கங்க டாக்டர், எனக்கு எதுக்கு அது? ஒரே ஒரு தடவ அதை நான் கேக்கணும். அவ்வளவுதான்."

"ஒரு தடவையா? நூறு தடவ கேளுங்க!"

சொன்னது யார்? மூன்றாவது இனத்தைச் சேர்ந்தவர். அதைப் பெரியவர் அறியமாட்டார், பாவம்.

தட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டார். போனோம். மேஜையில் கறுப்புத் துணி விரித்து, அதன் மேல் தட்டை வைத்து, கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு நின்றார். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனது போல நாங்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம். யார் ஜாடை என்று கேட்கவில்லை, அவ்வளவுதான் குறை. மெல்லிய பிளாஸ்டிக் தாள் இறுக்கமாக ஒட்டியிருந்தது. ஒரு கீறல் இல்லை. அவர் அதைத் தூக்கி, பக்கவாட்டில் பார்த்து, மோந்து பார்த்து, அலமாரியில் நடுநாயகமாக ஓர் இடத்தில் சொருகினார். முடிந்தது.

"போடலையா?" என்றேன்.

"எதை?"

"தட்டை."

"இதையா?" அவர் சிரித்தார். "பிரிச்சா இது வெறும் தட்டு, சகல. பிரிக்காத வரைக்கும் இது..." என்று சரியான சொல்லுக்காகக் காற்றைத் துழாவினார்.

"பிளாஸ்டிக்" என்றாள் மைத்துனி.

அதற்கடுத்த ஞாயிறு பெரியவர் வந்தார். சலவைச் சட்டை, வழித்துச் சீவிய தலை, புதுப் பல் செட். கேட்க வந்திருக்கிறார். சகலை அவரை உட்கார வைத்து, டீ கொடுத்து, ப்ளேயருக்குப் புது ஊசி மாட்டியிருப்பதாகவும், அது நாற்பது மணி நேரம் வேறு தட்டுகளில் ஓடிப் பழகின பிறகுதான் இதில் வைக்கலாம் என்றும் விளக்கினார். பெரியவர் தலையாட்டினார். மறுவாரம் மழை. காற்றில் ஈரம், கூடாது. அதற்கு மறுவாரம் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். அதிர்வு, கூடவே கூடாது. நாலாவது வாரம் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது வாரம் என்ன சாக்கு சொன்னார் என்று எனக்கு நினைவில்லை, அவருக்கும் நினைவிருக்காது. ஒவ்வொரு தடவையும் பெரியவர் டீயைக் குடித்துவிட்டு, "பரவால்ல டாக்டர். இத்தனை வருஷம் இருந்தாச்சு, இன்னும் ஒரு வாரம்தானே" என்று எழுந்து போவார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றாள் மைத்துனி. வாசலில் அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லையாம்.

ஆறாவது ஞாயிறு காலை அவள் என் மனைவிக்குப் போன் செய்தாள். "அக்கா, அத்தானையும் கூட்டிக்கிட்டு உடனே வா. அந்தப் பெரியவர் புதன்கிழமை ஊரைக் காலி பண்ணிட்டு மக வீட்டுக்குப் போறாராம். இனிமே வர மாட்டாரு. இன்னைக்கு ஒண்ணு அந்தத் தாள் கிழியணும், இல்ல இவரு முகத்திரை கிழியணும்."

நாங்கள் போனபோது பெரியவர் தட்டறையில் உட்கார்ந்திருந்தார். சகலை சமையலறையில் ஒளிந்திருந்தார். ஆமாம், ஒளிந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர், அரிசி டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குப் புரியும், சகல. உலகத்துலயே பிரிக்காதது இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கலாம். நான் பிரிச்சுட்டா அப்புறம் ஒண்ணுமே இல்ல. வேணும்னா அவருக்கு வேற தட்டு போட்டுக் காட்டட்டுமா? இதே மாதிரி நல்லது நூறு இருக்கு."

எனக்கு உண்மையிலேயே அவர் மேல் பாவமாக இருந்தது. பேராசைக்காரர் முகம் இல்லை அது. பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிற தகப்பன் முகம். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மைத்துனி வந்துவிட்டாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க வாக்குக் குடுத்தப்ப அவரு வாய்தான் மரத்துப் போயிருந்துச்சு. உங்க வாய் நல்லாத்தானே இருந்துச்சு?"

சகலை அரிசி டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கிளினிக் பையைத் திறந்து, ஈறு கீறும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

எத்தனையோ ஞானப்பற்களை அசையாமல் பிடுங்கிய கை அது. கத்தி நுனியைத் தாளின் ஓரத்தில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள் மைத்துனி. ஐந்து பேரும் பிடித்தோம்.

சர்ர்.

"விடலாம்."

அவர் தட்டை உருவினார். நடுவில் இசைத்தட்டுக் கம்பெனியின் வழக்கமான சிவப்பு வட்டம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. கண் கலங்கியிருந்தவருக்கு எப்படித் தெரியும்? ப்ளேயரில் வைத்து, ஊசியை இறக்கினார். கரகரவென்று கொஞ்சம் சத்தம். பெரியவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். என் மனைவி கால் விரலைக்கூட அசைக்கவில்லை.

ஸ்பீக்கரில் ஓர் ஆண் தொண்டையைச் செருமினான்.

"பாடம் நான்கு. நிமிடத்துக்கு அறுபது சொற்கள். எழுதத் தயாராகுங்கள். மதிப்பிற்குரிய ஐயா, தங்களுடைய பதினேழாம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றோம். தாங்கள் கேட்டிருந்த இரண்டு அங்குல இரும்பு ஆணிகள் தற்சமயம் கையிருப்பில் இல்லை என்பதை வருத்தத்துடன்..."

நான் சகலையைப் பார்த்தேன். அவர் விரலைத் தூக்கினார். "அறிமுகம்" என்று கிசுகிசுத்தார். "இப்ப கிடார் வரும் பாருங்க... இப்ப..."

வரவில்லை. ஒன்றரை அங்குல ஆணிகள் வந்தன. பிறகு திருகாணிகள் வந்தன. "தங்கள் உண்மையுள்ள" வந்தது. அடுத்த கடிதம் தொடங்கியது. எங்கள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கம்பெனியில் எவனோ தவறுதலாக, சுருக்கெழுத்துப் பயிற்சித் தட்டை ஏணி உறைக்குள் போட்டு ஒட்டியிருக்கிறான். பாடாத இசைக்காக உயிரை விட்ட மனிதருக்கு, இசையே இல்லாமல் வெறும் வாய்!

அந்த அறையில் ஒரே ஓர் அசைவு. என் மனைவியின் ஆள்காட்டி விரல் புடவை மேல் விறுவிறுவென்று கோடுகள் இழுத்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள், பழக்கம் விடவில்லை. "ரொம்ப மெதுவாப் போகுது. நான் நூத்தி இருபது" என்றாள்.

முதலில் சிரித்தது பெரியவர்தான். "ஏன் டாக்டர், நாப்பத்தொரு வருஷமா எங்க வீட்டு அலமாரியில இந்த ஆளா உக்காந்திருந்தான்?" என்று ஆரம்பித்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கீழ்வரிசைப் பல் செட் வழுக்கி வெளியே வர, அதைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தார். மைத்துனி சுவரைப் பிடித்துக்கொண்டாள். சகலை மட்டும் சிரிக்கவில்லை. சாமான் ஏற்றிப் போன பிறகு காலி வீடு இருக்குமே, அப்படி இருந்தது அவர் முகம். பெரியவர் கையிலிருந்த செட்டை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது லூசா இருக்கு. சரி பண்ணித் தரேன்" என்றார். பிறகு அவர் காலருகில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கங்க. ஆறு வாரம் உங்களை அலைய விட்டுட்டேன். கடைசியில இதுவும் இல்ல."

"நீங்க ஆறு வாரம்தானே டாக்டர் பிரிக்காம வெச்சிருந்தீங்க? எங்களைச் சொல்லுங்க."

சகலை செட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தார். அப்புறம், திருட்டை ஒப்புக்கொள்பவர் குரலில், "அந்தக் கேசட் இன்னும் என்கிட்ட இருக்கு" என்றார்.

இந்த இனத்தில் கேசட் வைத்திருப்பது வெளியில் சொல்லக் கூடாத விஷயம். காலுறைகளுக்கு அடியில், ஒரு மாத்திரை டப்பாவுக்குள் வைத்திருந்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் மைத்துனியே பார்த்ததில்லை. ஆனால் எதில் போடுவது? அவ்வளவு பெரிய அறையில், அத்தனை கருவிகளுக்கு நடுவில், கேசட் ஓடும் பெட்டி ஒன்றுகூட இல்லை. கீழே நிற்கும் பழைய காரில்தான் இருந்தது.

ஐந்து பேரும் இறங்கிப் போனோம். "வண்டின்னா எனக்கு இந்தப் பக்கம்தான் உக்கார வரும்" என்று பெரியவர் ஸ்டியரிங் பக்கம் ஏறிக்கொண்டார். பக்கத்தில் சகலை. பின்னால் நாங்கள் மூன்று பேர், மூச்சு விட இடமில்லாமல். கேசட் உள்ளே போனது.

முதலில் உஸ்ஸென்று காற்று. யாரோ இருமினார்கள். எங்கோ தூரத்தில் ஒரு விடுதிப் பையன், "டேய், என் துண்டு எங்கடா?" என்றான். சகலை காது வரை சிவந்தார். பிறகு டிரம்ஸ், மாடிப்படியில் யாரோ நிதானமாக ஏறி வருவது போல. அதன் மேல் இரண்டு கிடார், ஒரே போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற புருஷன் பெண்சாதி போல. எனக்கு இசை தெரியாது. ஆனால் அன்றைக்குத்தான் எப்போது பாடுவார்கள் என்று நான் காத்திருக்கவில்லை. ஓரிடத்தில் எல்லாம் சட்டென்று அடங்கி, ஒரு தடித்த தந்தி மட்டும் தனியாகப் பேசியது.

"இந்த இடம்" என்றார் பெரியவர், கண்ணைத் திறக்காமல். "இங்கதான் அவ சத்தத்தைக் கூட்டுனா."

கையை நீட்டினார். தடவிப் பார்த்துக் குமிழைத் திருகினார். கார்க் கண்ணாடிகள் அதிர்ந்தன. சகலையின் விரல் பாதி தூக்கியிருந்தது. அவர் அதை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். முதல் தடவையாக அவர் 'இதோ' என்று சொல்லாமல் அந்த இடம் வந்து போனது.

மூன்று தடவை கேட்டோம். நாலாவது தடவை நடுவில் பேட்டரி செத்துவிட்டது. நானும் சகலையும் பின்னால் தள்ள, என் மனைவியும் இறங்கித் தள்ள, பெரியவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம்... தள்ளுங்க டாக்டர், பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தள்ளுங்க!" என்று உத்தரவு போட்டு, தெருமுனையில் உறும வைத்துவிட்டார்.

புதன்கிழமை அவர் ஊருக்குக் கிளம்பியபோது சகலை போய்ச் சரிசெய்த பல் செட்டைக் கொடுத்தார். கூடவே, ரிப்பேர் கடையில் பிடித்த ஒரு சின்ன டேப் ரெக்கார்டர். கேசட்டும் அதற்குள்ளேயே இருந்தது. பிரதி எடுத்துக்கொண்டீர்களா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். எனக்கு அதை நம்ப ஒரு நாள் ஆயிற்று.

அப்படியானால் சகலை திருந்திவிட்டார் என்கிறீர்களா? பத்தாம் நாள் போன் வந்தது.

"சகல, யோசிச்சுப் பாத்தீங்களா? சுருக்கெழுத்துத் தட்டு ஏணி உறைக்குள்ள போச்சுன்னா, ஏணித் தட்டு எங்க போயிருக்கும்?"

"எங்க?"

"சுருக்கெழுத்து உறைக்குள்ள!"

இப்போது அவர் சுருக்கெழுத்துப் பாடத் தட்டுகளாகத் தேடித் தேடி வாங்குகிறார். இதுவரை பதினொன்று. ஒரே ஒரு முன்னேற்றம்: வாங்கிய அன்றைக்கே பிரித்துவிடுகிறார், உள்ளே யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டுமே. பதினொன்றிலும் ஆணிக் கம்பெனிதான். என் மனைவி ஞாயிறுதோறும் தங்கை வீட்டுக்கு நோட்டும் பென்சிலுமாகப் போய்வருகிறாள்.

நல்லவேளை, நீங்கள் அந்த இனம் இல்லை. உங்கள் வீட்டில் இசைத்தட்டே கிடையாது. டிவி ரிமோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை எண்ணெய்ப் பிசுக்கில் மஞ்சளாகிப் போனது வேறு விஷயம். நல்ல நாளுக்கென்று எடுத்த சட்டை, குண்டூசிகூடக் கழற்றாமல் பீரோவில் இருப்பதும், அது இப்போது உங்களுக்குப் பத்தாது என்பதும் வேறு விஷயம். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட ஆறு கோப்பைகள் வரிசையாக நிற்கின்றனவே, அவை முக்கியமான விருந்தாளி வந்தால் எடுப்பதற்கு. சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் போன மாதம் உங்கள் வீட்டுக்கு நான்தானே வந்திருந்தேன்? பிடி உடைந்த கோப்பையில்தானே டீ கொடுத்தீர்கள்?